சுற்றுச்சுவர் ஓரத்துக்கு ஆவாரை: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடி வளாகங்களிலும் நகர்களிலும் தோட்டப் பொறுப்பை ஏற்றிருக்கும் சங்கத்து அன்பர்களுக்கு,

சுற்றுச்சுவரை ஒட்டிய மண்பாத்திக்குச் செடி வாங்க நாற்றுப்பண்ணைக்குப் போகும் சங்கங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: அதிகம் தண்ணீர் கேட்கக் கூடாது, இலை கொட்டி மொட்டையாக நிற்கக் கூடாது, ஆண்டு முழுக்கப் பூக்க வேண்டும், பூச்சி புழு வரக் கூடாது, அப்படி என்ன செடி இருக்கிறது? இந்த நான்கு நிபந்தனைகளில் முதல் மூன்றையும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். நான்காவதை மட்டும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். பூச்சி தொடாத செடி சிக்கனமான தேர்வாகத் தெரியலாம். ஆனால் எதையும் தாங்கும் உறுதியும் எந்த உயிருக்கும் உணவாகாத தன்மையும் ஒரே செடியில் சேரும்போது என்ன நடக்கும் என்பதை நம் காடுகள் இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதல் மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றி, நான்காவதில் வேண்டுமென்றே தோற்கிற செடி ஒன்று நம் ஏரிக்கரைகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அது ஆவாரை.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். வறண்ட ஊர் என்று சொல்ல முடியாத அளவு அது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை வானம் ஏறக்குறைய கைவிரித்துவிடும். ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை ஆண்டுச் சராசரியை வைத்து எடைபோடக் கூடாது. மே மாதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கத்திரி வெயிலில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 200 சதுர மீட்டர் புல்தரைக்கு ஒரு நாளுக்கு 1,000 லிட்டர், மாதத்துக்கு 30,000 லிட்டர் ஆகிறது. ஒன்பதாயிரம் லிட்டர் லாரி மூன்று வந்து இறக்கினாலும் போதாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வளாகத்தில் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறதே, அதைத்தானே செடிக்கு ஊற்றுகிறோம் என்று சில சங்கங்கள் சொல்லக்கூடும். அதே நீரைக் கழிப்பறைத் தொட்டிகளுக்குத் திருப்பினால் அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம். ஆக, கோடையைத் தானே கடக்கக்கூடிய புதர்ச்செடியைத் தேடுவது சோம்பல் இல்லை. பொறுப்புள்ள எந்தத் தோட்டக் குழுவும் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

இனி அந்த நான்காவது நிபந்தனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமெரிக்க வெப்பமண்டலச் செடி ஒன்றைத் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். என்றும் பசுமை, ஆண்டு முழுக்கப் பூ, ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும், வறட்சி தாங்கும், வெட்டினால் உடனே துளிர்க்கும், ஆடு மாடு கடிக்காது. நாற்றுப்பண்ணையில் நீங்கள் கேட்கும் அத்தனை குணங்களும் அதற்கு உண்டு. அதுதான் உண்ணிச்செடி. அதன் இலையில் கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருப்பதால் மேயும் விலங்குகள் அதை விட்டு விலகின. சின்னஞ்சிறு கறுப்புப் பழங்களைக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் தின்று, விதைகளைப் போகும் இடமெல்லாம் இட்டன. தோட்ட வேலியில் தொடங்கியது மலைச்சரிவுக்குப் போயிற்று. 2020இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, நாட்டில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு, உண்ணிச்செடி பரவியிருக்கிறது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கு வேலை இல்லை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதன் தண்டுகளை வெட்டி நிஜ யானை அளவுக்கு உருவங்கள் செய்கிறார்கள், அவை லண்டன் பூங்காக்கள் வரை போயின. அருமையான கைவேலைதான். ஆனாலும் வெட்டும் வேகத்தைவிட முளைக்கும் வேகமே இன்னும் அதிகம். இவ்வளவுக்கும் பிறகும் அதன் கலப்பின வகைகள் பூந்தொட்டிகளில் விற்பனைக்கு நிற்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. சாலையோரங்களில் குழல்போன்ற மஞ்சள் பூக்களோடு நிற்கும் டெக்கோமாவும் அமெரிக்க வரவுதான். இறகு முளைத்த அதன் விதைகள் காற்றில் பறந்து அடுத்த மனையில் விழுகின்றன. அழகுக்காகவும் நிழலுக்காகவும் நடப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் பூ மரத்தை முதுமலையிலும் வயநாட்டிலும் வனத்துறைகள் இன்று பெரும் செலவில் வெட்டிக்கொண்டிருக்கின்றன. அது ஆவாரையின் நெருங்கிய உறவு என்பதையும் நான் மறைக்கவில்லை. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டில் ஒன்று இங்கே நோயாகவும் மற்றது மருந்தாகவும் இருக்க முடிகிறது என்றால், வேறுபாடு செடியின் குடும்பத்தில் இல்லை, அது வளர்ந்துவந்த இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. காட்டில் அரசு அகற்றுவதை நகரத்தில் நாம் காசு கொடுத்து நடுவது என்ன நியாயம்?

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, அயல்நாட்டுச் செடி என்றாலே பகையா என்பது. இல்லை. காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் தோட்டங்களில் அது பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை, வெட்டி நட்டால்தான் பெருகும். அது உங்கள் சுவரைத் தாண்டி ஏரிக்குள் இறங்கப்போவதில்லை. அடுக்குச் செம்பருத்தியும் அப்படித்தான். பிறந்த ஊரைக் கேட்டு ஒரு செடியை விலக்குவது என் வாதம் அன்று. நீங்கள் கவனிக்காத ஐந்தாண்டில், உங்கள் சுவருக்கு வெளியே அந்தச் செடி என்ன செய்யும் என்பதே கேள்வி. கவனிப்பு வேண்டாத செடியை நடும் சங்கம் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கேட்டாக வேண்டும், ஏனென்றால் கவனிக்கப்போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் அது செடி வாங்குகிறது.

ஆவாரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான புதர். ஆள் உயரம், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். உவர் மண், சரளை மண், கட்டடக் குப்பை கலந்த மண் எதிலும் ஆணிவேரை இறக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் இலையிலும் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள். இலைக்காம்பின் அடியில் காது மடல்போல அகன்ற செதில் ஒன்று இருக்கும், மற்ற மஞ்சள் பூச்செடிகளிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த ஒன்றே போதும். கிளை நுனிகளில் கொத்தாகப் பூக்கும். மழைக்குப் பிறகு பூ மிகுதி. அதனால்தான் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் சிறுபூளையோடும் ஆவாரம்பூ சேர்கிறது. மார்கழிக் கடைசியில் தேடிப்போக வேண்டிய பூவாக அது இருந்திருந்தால் இந்த வழக்கமே உண்டாகியிருக்காது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ஆவிரை என்ற பெயரோடு இது இருக்கிறது. தெலங்கானா மாநிலம் உருவானபோது தன் மாநில மலராகத் தேர்ந்ததும் இதைத்தான். அங்கே பதுகம்மா விழாவின் பூ அடுக்குகளில் இதற்குத் தனி இடம். இத்தனை காலம் நம் நிலத்தில் இருந்தும் உண்ணிச்செடி செய்ததை ஆவாரை செய்யவில்லை. பறவைகள் தின்று தொலைவுக்குக் கொண்டுபோகும் பழம் இதற்கு இல்லை. தட்டையான காய்கள் காய்ந்து பெரும்பாலும் அடியிலேயே விழும். இலையைத் தின்னப் புழுக்கள் உண்டு. உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருப்பதுதான் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

பூவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வருகிற விருந்தாளிக்கு மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் மற்றப் பூக்களில்போல வெளியே தூவிக் கிடப்பதில்லை. மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளைகள் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது வெளியே கொட்ட வேண்டுமானால் யாராவது பூவைப் பிடித்து அதிர வைக்க வேண்டும். காய்ந்த மரத்தில் துளையிட்டுக் கூடு கட்டும் பெரிய கருநிறத் தச்சுத்தேனீ பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் துடிக்கச் செய்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் துளைவழியே பொழிகிறது. சாதாரணத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. சூல்தண்டு சில பூக்களில் இடப்புறமும் சிலவற்றில் வலப்புறமும் வளைந்திருப்பதால், ஒரு பூவில் தேனீயின் ஒரு விலாவில் ஒட்டிய மகரந்தம் எதிர்ப்புறம் வளைந்த பூவில் போய்ச் சேர்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாடு ஒரு பூவுக்கும் ஒரு பூச்சிக்கும் இடையே நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததால் வருவது. அந்தக் கருந்தேனீயைக் கண்டு அஞ்சிச் செடியை வெட்டச் சொல்லும் குடியிருப்பாளர்கள் இருப்பார்கள். அதன் ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த மறுப்பு புழுக்களைப் பற்றியது. இதுதான் கூட்டத்தில் அதிகம் ஒலிக்கும். மழை முடிந்ததும் வெளிர்மஞ்சளும் வெண்மையும் கலந்த வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரையில் முட்டையிடும். பச்சைப் புழுக்கள் இலைகளைத் தின்று சில கிளைகளை வெறும் காம்பாக்கிவிடும். அந்த இரண்டு மூன்று வாரம் செடி பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மை. அதற்காகப் பூச்சிமருந்துத் தெளிப்பானை எடுத்தால் இந்த மடல் முழுக்க வீண். இந்தப் புழுக்களுக்குக் கம்பளிப்புழுவைப் போல அரிக்கும் முடி இல்லை; அவை வீட்டுக்குள் வருவதில்லை; கறிவேப்பிலையையோ மல்லிகையையோ தொடுவதில்லை. கொன்றை, ஆவாரை வகையறாவே அவற்றின் உணவு. தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் குஞ்சுகளுக்குக் கொடுக்க இந்தப் புழுக்களைத்தான் தேடுகின்றன. குருவி வரவில்லையே என்று வருந்தும் அதே வளாகம் புழு வேண்டாம் என்று சொல்வது பொருந்தாது. தின்னப்பட்ட செடி விரைவில் மறுபடி துளிர்க்கிறது. துளிர்ப்பதற்கான அந்தத் தெம்பைத்தானே உறுதியான செடி என்று நாம் கேட்டோம்?

அந்தத் தெம்புக்கு வேறொரு சாட்சியும் இருக்கிறது, அது தொழில் உலகத்திலிருந்து வருவது. ஆவாரம்பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. சென்னை மாகாணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாகப் போன ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் ஆவாரம்பட்டையில் பதனிடப்பட்டது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்துதான் அதன் இடத்தைப் பிடித்தது. பட்டைக்காக வெட்டிய புதர் மறுபடி துளிர்த்தது, மறுபடி வெட்டினார்கள். தழைக்காகவும் வெட்டினார்கள், உவர் ஏறிய நெல்வயல்களுக்கு ஆவாரந்தழையைப் பசுந்தழை உரமாக மிதித்துவிடுவது நம் உழவர்களின் பழைய வழக்கம். இவ்வளவு வெட்டுக்கும் ஈடுகொடுத்த செடி உங்கள் தோட்டக்காரரின் கத்தரிக்கோலுக்கு அஞ்சாது. ஆனால் எப்போது வெட்டுவது என்பதில் எச்சரிக்கை வேண்டும். பூ வருவது புதுக் கிளையின் நுனியில். மாதந்தோறும் பெட்டிபோலச் சீவிவிட்டால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. பிறகு, இது பூக்காத செடி என்ற பழி வேறு வரும். ஆடியில் ஒரு தரம், பாதி உயரத்துக்குக் கவாத்து செய்தால் போதும். காய்ந்த காய்களும் அதோடு போய்விடும், ஐப்பசி மழைக்கு வரும் புதுக்கிளைகள் தை வரை நிறையப் பூக்கும். வெட்டிய தழையைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் செடியின் அடியிலேயே மூடாக்காகப் போடுங்கள்.

காட்டுச்செடியை வாசலில் வைப்பதா என்றும் கேட்பார்கள். சாலையோரத்தில் புழுதி படிந்து, ஆளாளுக்கு ஒடித்துப்போன ஆவாரையைப் பார்த்து வந்த எண்ணம் அது. இடைவெளிவிட்டு நட்டு ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்த வரிசை எந்த விலையுயர்ந்த அழகுச்செடிக்கும் குறைந்ததில்லை. அரளி இருக்கிறதே, நெடுஞ்சாலை நடுவில் தண்ணீரில்லாமல் பூக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அரளியின் உறுதியை மறுக்க முடியாது. வாகனப் புகைக்கு நடுவே ஆளில்லாத இடத்தில் அது நிற்பது பொருத்தம். ஆனால் அதன் இலை, தண்டு, பூ, வேர் எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் கோயில் நிவேதனத்திலிருந்து அரளிப் பூவை விலக்கியது இதனால்தான். குழந்தைகள் விளையாடும் பாதையோரத்தில், இலையைக் கிள்ளி வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வளாகத்தில், வேறு செடியே கிடைக்காததுபோல அரளியை வரிசையாக நடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆவாரைக்காகப் பேசும்போது மிகையாகப் பேசவும் கூடாது. ஆவாரை பூத்த ஊரில் சாவு இல்லை என்ற பொருளில் பழமொழி இருக்கிறது. ஆவாரம்பூத் தேநீர் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு, விலங்குகளிடம் செய்த சோதனைகளில் சர்க்கரை குறைந்ததாக முடிவுகளும் உண்டு. அதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வளாகத் தோட்டம் மருந்தகம் அன்று. அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்று சொல்வாரும் உண்டு. அதற்கு வேரில் முடிச்சுகளும் அவற்றில் நுண்ணுயிர்களும் வேண்டும். ஆவாரையின் பேரினத்தில் பொதுவாக அந்த முடிச்சுகள் இல்லை. பொய்யான பெருமை எதுவும் இல்லாமலே இந்தச் செடி நடத் தகுந்தது.

எல்லா இடத்துக்கும் ஏற்றதும் அன்று. நாள் முழுக்க வெயில் வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிழல் விழும் பாத்தியில் நட்டால் நீண்டு மெலிந்து நிற்கும், பூக்காது. அங்கே வெட்சியும் நந்தியாவட்டையும் ஆடாதோடையும் சரியான செடிகள். தண்ணீர் தேங்கினால் ஆவாரை அழுகிவிடும். பள்ளிக்கரணை, வேளச்சேரிபோல மழைக்காலத்தில் நீர் நிற்கும் பகுதியில் இருப்பவர்கள் ஓரடி உயர வரப்பு போட்டு அதன்மேல் விதைக்க வேண்டும், அல்லது நொச்சிக்குப் போக வேண்டும். வளாகம் முழுக்க ஆவாரையாகவே நட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே செடியை நூறு அடிக்கு நட்டால் ஒரே நோய்க்கு நூறு அடியும் போகும். நொச்சியை இடையிடையே வைத்தால் மஞ்சளுக்கு நடுவே ஊதா வரும்.

நாற்றுப்பண்ணைகளில் ஆவாரங்கன்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள், கேட்பவர் இல்லாததே காரணம். அதற்காகச் சாலையோரச் செடியைத் தோண்டி எடுக்காதீர்கள். ஆணிவேர் அறுந்த ஆவாரை பெரும்பாலும் பிழைக்காது, நின்ற இடத்திலும் ஒரு செடி போய்விடும். விதையே போதும். பழுப்பேறிய காய்களைப் பங்குனி, சித்திரையில் பறித்து, துளை விழாத விதைகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். மணலோடு சேர்த்துக் கரடுமுரடான தரையில் தேய்த்து, கொதி அடங்கிய வெந்நீரில் ஓரிரவு ஊறவிட்டால் ஊதிப் பெருத்தவை விரைவில் முளைக்கும். ஆவணி, புரட்டாசியில் நேரே பாத்தியில், மூன்றடிக்கு ஒரு குழியாக, குழிக்கு மூன்று விதை. முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். வடகிழக்குப் பருவமழை வேரை இறக்கிவிடும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை குடம் தண்ணீர் வேண்டும். இரண்டாவது கோடையில் குழாயை மூடிவிடலாம். உரம் வேண்டாம், கொடுத்தால் இலை கொழுக்கும், பூ குறையும்.

ஒரு சொல், தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி. மாதத்துக்கு இத்தனை முறை சீவுவது, இத்தனை முறை மருந்தடிப்பது என்று எழுதித்தான் பல சங்கங்கள் ஒப்பந்தம் போடுகின்றன. எழுதியபடி தோட்டக்காரர் வேலை செய்தாக வேண்டும். அப்படிச் செய்தால் ஆவாரை பூக்காது, வண்ணத்துப்பூச்சியும் தங்காது. அடுத்த புதுப்பித்தலின்போது சுற்றுச்சுவர்ப் பாத்திக்கு மட்டும் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, ஆடியில் ஒரு கவாத்து, முதல் கோடையில் வாரம் ஒரு தண்ணீர், பூச்சிமருந்து கூடாது என்று எழுதுங்கள். தோட்டக்காரரின் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். மிச்சமாகும் நேரத்தில் மூடாக்கு போடவும் விதை சேர்க்கவும் அவருக்கு வேலை இருக்கிறது. வரும் புரட்டாசிக்குள் இருபதடி நீளத்துக்கு மட்டுமாவது விதைத்துப் பாருங்கள், காய் பழுத்ததும் அடுத்த தெருச் சங்கத்துக்கும் ஒரு கை விதை கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு நகரவாசி